யாரைப் பார்த்துச் சிரிக்கக் கற்கிறார்கள் நம் பிள்ளைகள்?





ஆண்டு விழாக் காலம் நெருங்கிவிட்டால், கொற்கை, காயல்பட்டினம், தூத்துக்குடி என நீளும் நம் கடற்கரைப் பள்ளிக்கூடங்களில் மாலை நேரத்தின் ஓசையே மாறிவிடுகிறது. இறுதி மணி அடித்த பின்னும் ஏதேனும் ஒரு வகுப்பறையில் விளக்கு எரிகிறது. பெஞ்சுகள் சுவரோரம் ஒதுக்கப்படுகின்றன. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வசனத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே வசனம் பத்து முறை சொல்லப்படுகிறது, பதினோராவது முறையும் தவறாகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். நகைச்சுவை நாடகத்தின் ஒத்திகை அது.

தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. அதனால் நாடகமும் பலகுரல் பேச்சும் வில்லுப்பாட்டும் முன்னைவிட அதிகமான பிள்ளைகளைச் சென்றடைந்துள்ளன. நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆர்வத்துடன் பெயர் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "உம்மா, என்னை நாடகத்துல சேர்த்திருக்காங்க" என்று சொல்லும்போது நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "அதெல்லாம் நமக்கு வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிடுகிறோம். அல்லது "நல்லா நடி" என்று வாழ்த்திவிட்டு, விழா நாளன்று கைபேசியுடன் முன்வரிசையில் போய் அமர்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவில் நாம் செய்யவேண்டிய ஒன்று விடுபட்டுப் போகிறது. அந்த மூன்று வார ஒத்திகையில் நம் பிள்ளை யாரைப் பார்த்துச் சிரிக்கப் பழகுகிறது, பிறர் யாரைப் பார்த்துச் சிரிக்கத் தன்னைக் கொடுக்கிறது என்பதை நாம் கேட்பதே இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நபிகளாரின் அவையில் சிரிப்பு

மார்க்கம் சிரிப்புக்குப் பகை என்னும் எண்ணம் நம் வீடுகளில் எப்படியோ குடியேறிவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் படிப்போருக்கு அவ்வெண்ணம் நிலைக்காது. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரரான சிறுவர் அபூ உமைர், தாம் வளர்த்த குருவி இறந்ததால் வாடியிருந்தபோது, அக்குருவி என்னவாயிற்று என்று எதுகை நயத்தோடு கேட்டு அச்சிறுவரோடு பேசியதை புகாரி, முஸ்லிம் நூல்கள் பதிந்துள்ளன. ஏறிச்செல்ல வாகனம் கேட்டு வந்த ஒருவரிடம், ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாக நபியவர்கள் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஏதோ ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்பதே அதிலிருந்த நயம். பெருநாள் அன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிப்படையும் வரை நின்று பார்க்க நபியவர்கள் இடமளித்தார்கள்.

ஆயினும் அந்த அவையின் சிரிப்புக்கு எல்லைகள் இருந்தன. தாம் வேடிக்கையாகப் பேசினாலும் உண்மையையே பேசுவதாக நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனை மிகக் கடுமையாக எச்சரித்தார்கள். பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் உடைமையைச் சிலர் விளையாட்டாக எடுத்து, அவர் திடுக்கிட்டு விழித்தபோது, ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாது என்று தடுத்தார்கள். அன்னை ஆயிஷா அவர்கள் மற்றொரு துணைவியாரின் உயரக் குறைவைச் சுட்டிப் பேசியபோது, அச்சொல்லைக் கடல்நீரில் கலந்தால் கடலே கெட்டுவிடும் என்ற பொருள்பட உரைத்தார்கள். கடலோரத்தில் பிறந்த நமக்கு அந்த உவமையின் கனம் சொல்லாமலே விளங்கும். அதே அறிவிப்பின் தொடர்ச்சியில், ஒருவரைப் போல் நடித்துக் காட்டுவதைத் தாம் விரும்பவில்லை என்று நபியவர்கள் சொன்னதாகவும் அபூதாவூதில் காண்கிறோம்.

இவை எல்லாவற்றிலும் நம் பேச்சுக்கு மிகப் பொருத்தமானது அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தொடர்பான நிகழ்ச்சி. அவர்களின் கெண்டைக்கால்கள் மிக மெலிந்தவை. ஒருநாள் மரத்தில் ஏறியிருந்தபோது காற்று ஆடையை விலக்க, கால்களின் மெலிவைக் கண்டு தோழர்கள் சிரித்தார்கள். எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று நபியவர்கள் கேட்டார்கள். அக்கால்கள் மறுமைத் தராசில் உஹுது மலையைவிடக் கனமானவை என்றார்கள். அங்கே சிரித்தவர்கள் தீயோர் எவருமில்லை. நல்லோர் கூடியிருந்த அவை அது. அந்தச் சிரிப்பில் பகை இல்லை, வஞ்சம் இல்லை. இருந்தும் அது அங்கேயே, அந்த நொடியிலேயே திருத்தப்பட்டது. சிரிப்பைத் திருத்துவதற்கு உரிய காலம் அது பிறக்கும் காலமே என்பதை இந்நிகழ்ச்சியிலிருந்து நான் கற்கிறேன். பள்ளி நாடகத்தில் சிரிப்பு பிறக்கும் இடம் ஒத்திகை அறை. மேடை ஏறிய பிறகு எதையும் திருத்த முடியாது.

நம் கரையின் நாடக மரபு

நாடகம் நமக்கு அந்நியமானது என்று எண்ணுவோர் தமிழ் முஸ்லிம் இலக்கிய வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். சீதக்காதி நொண்டி நாடகம் என்று ஒரு நூல் உண்டு. நொண்டி நாடகம் என்பது தமிழுக்கே உரிய சிற்றிலக்கிய வகை. நம் பகுதியிலேயே திருச்செந்தூரின் பெயரில் ஒரு நொண்டி நாடகம் இருக்கிறது. கால் இழந்த ஒருவன் தானே முன்வந்து, தான் களவாடியதையும் ஊதாரியாய்த் திரிந்ததையும் பிடிபட்டுக் கால் வெட்டப்பட்டதையும் தன் வாயாலேயே பாடிச் சொல்வான். சீதக்காதி நொண்டி நாடகத்தின் நாயகன், கீழக்கரை வள்ளலின் உதவியால் மக்கா சென்று, இழந்த காலை மீளப் பெறுகிறான். கேட்போர் வழிநெடுகச் சிரிப்பார்கள். முடிவில் மனம் கனிவார்கள். இந்த வகையில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஊனத்தைச் சுட்டிச் சிரிப்பது போல் தோன்றினாலும், சிரிப்பு பிறப்பது அவனுடைய ஆசையிலும் அசட்டுத் துணிவிலும் இருந்துதான். அதைச் சொல்பவனும் அவனே. தன் குற்றத்தைத் தானே சொல்லிச் சிரிக்கவைப்பவனுக்கும், அடுத்தவர் குறையைச் சொல்லிச் சிரிக்கவைப்பவனுக்கும் இடையிலுள்ள தொலைவை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளும் நம் மண்ணைச் சேர்ந்தவரே. 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். உப்புப் பண்டசாலையில் கணக்கராக இருந்துவிட்டு நாடகத்துக்குச் சென்றார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாலர் சபை என்றால் சிறுவர்கள் மட்டுமே நடிக்கும் குழு. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கே சேர்ந்து பயின்றவர்கள். சுவாமிகளின் முறையில் வசனமும் பாட்டும் எழுதித் தரப்படும். ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் மனனம் செய்து, திருத்தப்பட்டு, மீண்டும் மீண்டும் பயின்று மேடையேறுவார்கள். பிள்ளைகளை வீட்டைவிட்டுப் பிரித்துக் கண்டிப்பில் வளர்த்த அந்தச் சபைகளின் வாழ்க்கை எளிதானதன்று. அதை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. எனினும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெரியவர் பொறுப்பேற்றிருந்தார் என்னும் செய்தி நமக்குப் பயன்படும்.

இதற்கு மாறான மரபும் தென்மாவட்டங்களில் உண்டு. திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகி வந்து, முன்கூட்டிய ஒத்திகை எதுவுமின்றி மேடையில் சந்திப்பார்கள். கதைப் பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். பபூன் வேடக்காரரின் நகைச்சுவைப் பகுதியோ அங்கேயே கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பிறப்பது. அதில் அபாரமான திறமை இருக்கிறது. அதே வேளையில், கூட்டம் எதற்குச் சிரிக்கிறதோ அதையே மேலும் மேலும் கொடுக்கும் கட்டாயமும் இருக்கிறது. பெண்களைப் பற்றிய கொச்சைப் பேச்சும் இரட்டை அர்த்தமும் அந்த வழியாகவே மேடை ஏறுகின்றன. பள்ளி நாடகத்துக்கு இவ்விரு மரபுகளில் எது பொருந்தும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான பள்ளிகளில் பாட்டுக்கும் நடனத்துக்கும் பயிற்சி ஆசிரியர் இருக்கிறார். நகைச்சுவைப் பகுதியை மட்டும் "நீங்களே ஏதாவது போட்டுக்கோங்க" என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறோம். எதற்கு அதிகக் கவனம் வேண்டுமோ அதைக் கவனிப்பாரின்றி விடுகிறோம்.

ஒத்திகை அறையில் நடப்பது

நகைச்சுவை நாடகத்தின் ஒத்திகை மற்ற நாடகங்களின் ஒத்திகையைப் போன்றதன்று. முதல் நாள் வசனத்தைப் படிக்கும்போது எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இரண்டாம் மூன்றாம் நாளும் சிரிப்பு இருக்கும். ஐந்தாம் ஆறாம் நாளில் அதே வசனம் சுவையற்றுப் போகும். யாரும் சிரிக்கமாட்டார்கள். இது இயல்பு. முதன்முறையாகக் கேட்கப்போகும் பார்வையாளர் விழா நாளில்தான் வருவார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நகைச்சுவை செத்துவிட்டது என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் புதிதாக எதையாவது சேர்க்கத் தொடங்குகிறார்கள்.

அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் கிடப்பவை எவை? உடன் நிற்கும் பருமனான மாணவனின் வயிறு. கறுத்த நிறம். ஒருவனின் திக்குவாய். வட்டார வழக்கு. சேலை கட்டிய ஆண்பிள்ளையின் நடை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பேச்சு. உடனே சிரிப்பு வந்துவிடும். அன்றைய ஒத்திகை பிழைத்துவிடும். அந்த வசனம் நாடகத்தில் நிலைத்துவிடும். எழுதிய ஆசிரியரின் தாளில் இல்லாத வசனம்தான் பெரும்பாலும் விழா மேடையில் ஒருவரின் மனத்தைப் புண்படுத்துகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. பெண்களைத் தனியே குறிப்பிட்டும் அத்தடையைச் சொல்கிறது. அந்த வசனம் நம் பிள்ளைகளுக்கு ஓதத் தெரியும். ஒத்திகையின் ஆறாம் நாள் மாலையில் அது நினைவுக்கு வரவேண்டும். அதற்கு யாரேனும் ஒரு பெரியவர் அங்கே இருக்கவேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நல்ல முறையில் நடக்கும் ஒத்திகை பிள்ளைகளுக்குக் கொடுப்பது சிறிதன்று. நகைச்சுவையில் நடிப்பவன் தான் சிரிக்கக்கூடாது. அது நப்ஸை அடக்கும் பயிற்சி. பார்வையாளர் சிரித்து முடிக்கும் வரை அடுத்த வசனத்தைச் சொல்லாமல் காத்திருக்க வேண்டும்; அது பொறுமை. கேள்வி கேட்பவன் சரியாகக் கேட்டால்தான் பதில் சொல்பவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். கைதட்டல் தனக்கு வராது என்று தெரிந்தும் கேள்வியைச் செம்மையாகக் கேட்கும் பிள்ளை, பிறர் சிறக்கத் தான் உழைக்கக் கற்கிறது. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கப் பழகிய பிள்ளைக்கு இது புதிய பாடமன்று. பழைய பாடத்தின் இன்னொரு வடிவம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் பலர் தம் குரலை முதன்முதலாக உரக்கக் கேட்பதும் அந்த அறையில்தான். இத்தனை பயன் உள்ள ஒன்றை "நமக்கு வேண்டாம்" என்னும் ஒரே சொல்லால் ஒதுக்குவது பிள்ளைக்கு இழப்பு.

"நீ பாய் வேடம் போடு"

நம் பிள்ளைகளுக்கு ஒத்திகை அறையில் தனியாக ஒரு சோதனை காத்திருக்கிறது. நகைச்சுவை நாடகத்தில் ஒரு பிரியாணிக் கடைக்காரரோ வட்டிக்குக் கொடுப்பவரோ தேவைப்பட்டால், முஸ்லிம் மாணவனை நோக்கியே விரல் நீளுகிறது. "தொப்பியும் சாரமும் உன் வீட்டுல இருக்கும்ல, நீயே பாய் வேடம் போடு" என்பார்கள். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. வேடத்துக்கான உடை எளிதில் கிடைக்கும் என்னும் கணக்கே இருக்கும். பிறகு "நம்பள்கி நிம்பள்கி" என்று பேசச் சொல்வார்கள். பழைய தமிழ்த் திரைப்படங்களும் மேடை நாடகங்களும் கடன் கொடுக்கும் சேட்டுகளுக்கும் பட்டாணியர்களுக்கும் உருவாக்கிய மழலைத் தமிழ் அது. காலப்போக்கில் எல்லா முஸ்லிம்களின் பேச்சாகவும் அதுவே மேடையில் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோரின் வீட்டுமொழி தமிழே. உர்தூவைத் தாய்மொழியாகக் கொண்ட நம் சகோதரர்களும் "நம்பள்கி" என்று பேசுவதில்லை. நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப் புலவர் 5,000-க்கும் மேற்பட்ட பாக்களில் சீறாப்புராணம் பாடினார். காயலும் கீழக்கரையும் அரபு எழுத்தில் தமிழ் எழுதி வைத்த ஊர்கள். அந்த மண்ணில் பிறந்த பிள்ளை, கைதட்டலுக்காகத் தன் தாய்மொழியைத் தானே சிதைத்துப் பேசிக் காட்டும்போது அரங்கம் சிரிக்கிறது. பிள்ளையும் அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறது. மறுநாள் முதல் வகுப்பில் அதன் பெயர் மாறிவிடுகிறது. அடுத்த நாடகத்திலும் அதற்கு அதே வேடம்தான்.

இதற்கு வழி பிள்ளையை நாடகத்திலிருந்து விலக்குவதன்று. ஆசிரியரிடம் மரியாதையாகச் சென்று, "ஐயா, இவனுக்கு வேறு வேடம் கொடுங்கள், அல்லது பாய் வேடமே இருக்கட்டும், அவர் நம்மைப் போலத் தமிழ் பேசட்டும்" என்று கேட்டால் போதும். நல்ல தமிழ் பேசும் பாய் ஒருவர் தம் கஞ்சத்தனத்தாலோ மறதியாலோ தற்பெருமையாலோ சிக்கலில் மாட்டிக்கொண்டால் அதற்கும் சிரிப்பு வரும். நாமும் சேர்ந்தே சிரிக்கலாம். மனிதரின் குணத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கும் பிறப்பைப் பார்த்துச் சிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் நமக்காக மட்டும் இதைக் கேட்பது நீதியாகாது. நம் பிள்ளைகளின் நாடகங்களில் மீனவரின் பேச்சு எப்படி வருகிறது? உப்பளத் தொழிலாளி எப்படி வருகிறார்? கிராமத்து அம்மையார், துப்புரவுப் பணியாளர், வடநாட்டிலிருந்து கட்டடவேலைக்கு வந்த இளைஞர் எப்படி வருகிறார்கள்? வடநாட்டு இளைஞரின் உடைந்த தமிழைப் பேசிக் காட்டி நம் பிள்ளைகள் சிரிக்கவைத்தால், நாம் வருந்தும் "நம்பள்கி"யை வேறொருவர் தலையில் நாமே கட்டுகிறோம். வளைகுடா நாடுகளில் உடைந்த அரபியில் பேசிக் காலம் தள்ளும் வாப்பாக்களும் காக்காக்களும் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களின் அரபியைப் பார்த்து யாராவது சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

திரை விழுந்த பின் எழும் சண்டை

ஒத்திகைக் காலத்தில் பேசவேண்டியதைப் பேசாமல் விட்டால், பெரியவர்களின் சச்சரவு பிள்ளைகளின் தலையில் விழுகிறது. அண்மைக் காலத்தின் இரு நிகழ்ச்சிகள் இதற்குச் சான்று.

கேரளத்தில் 1957 முதல் நடந்துவரும் பள்ளிக் கலோத்சவம் புகழ்பெற்றது. ஒப்பனையும் தஃப்முட்டும் கோல்களியும் மட்டுமின்றி, அரபி நாடகமும் அங்கே போட்டிப் பிரிவாக இருக்கிறது. 2018-இல் கோழிக்கோடு மாவட்டக் கலோத்சவத்தில் வடகரை அருகிலுள்ள மேமுண்டா மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் "கிதாப்" என்ற நாடகத்தை நடித்து முதல் பரிசு பெற்றனர். பாங்கு சொல்ல விரும்பும் ஒரு சிறுமியைப் பற்றிய கதை. முஸ்லிம் இல்லத்தையும் மார்க்கத்தையும் அந்நாடகம் கேலிச்சித்திரமாக்குகிறது என்று முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. பள்ளி நாடகத்தை விலக்கிக்கொண்டது. மாநில மேடைக்கு அது போகவில்லை. அந்த நாடகத்தின் பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். பல வாரங்கள் பயின்று பரிசும் பெற்ற பிறகு, தாம் எழுதாத ஒரு வசனத்துக்காக அந்தப் பிள்ளைகள் ஒரு மாநிலமே விவாதிக்கும் பொருளானார்கள். ஒத்திகை நடந்தபோதே பெற்றோரும் ஆசிரியரும் சுற்றுவட்டாரத்து ஆலிம்களும் ஒரு மாலை அமர்ந்து பேசியிருந்தால், கருத்து வேறுபாடு இருந்திருக்கும். பிள்ளைகள் அதன் நடுவில் நின்றிருக்கமாட்டார்கள்.

மற்றொன்று கர்நாடகத்தின் பீதரில் நிகழ்ந்தது. அது நகைச்சுவை நாடகம் அன்று. ஆனால் மேடையில் பிள்ளையின் வாயில் வைக்கப்படும் ஒரு வரியின் எடையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன். 2020 ஜனவரியில் ஷாஹீன் பள்ளியில் சிறுபிள்ளைகள் குடியுரிமைச் சட்டம் குறித்து ஒரு நாடகம் நடித்தனர். பிரதமரைப் பற்றிய ஒரு வசனத்துக்காகத் தேசத்துரோக வழக்குப் பதிவாயிற்று. தலைமை ஆசிரியையும் ஒரு மாணவியின் தாயாரும் கைதாகிச் சிறையில் இருந்தனர். காவலர்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளை விசாரித்தனர். ஆயுதத்துடனும் சீருடையிலும் பிள்ளைகளை விசாரிப்பது சிறார் நீதிச் சட்டத்துக்கு முரணானது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் கருத்துரைத்தது. 2023 ஜூனில் பள்ளி நிர்வாகத்தினர் மீதான வழக்கையும் ரத்து செய்தது. நீதி கிடைத்தது, ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்த வழக்கு அநீதியானது என்பதே என் கருத்து. ஆயினும் பெரியவர்களின் சினத்தைப் பிள்ளைகளின் வாயால் சொல்லவைக்கும்போது, அதற்கான விலையைப் பிள்ளைகளும் சேர்ந்தே கொடுக்கிறார்கள். எந்தத் தரப்புக்காக எழுதப்பட்ட வசனமாயினும், பிள்ளைகள் சுமக்கக்கூடியதாக அது இருக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

நடிப்பு குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறவே கூடாது என்போரும், நிபந்தனைகளுடன் அனுமதிப்போரும் இருக்கின்றனர். நபிமார்களுக்கு வேடமிடுதல் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஒருவரைப் போல் மற்றவர் வேடமிடுவதையும் ஹதீஸ்கள் கண்டிக்கின்றன. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது என் வேலையன்று. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டறியட்டும். பிள்ளையை நடிக்க அனுப்புவது என்று முடிவு செய்துவிட்ட பெற்றோருக்கே சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

வசனத் தாளை முதல் வாரத்திலேயே வாங்கிப் படியுங்கள். வீட்டில் எல்லாரும் அமர்ந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நகைச்சுவையிலும், "இதில் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?" என்று கேளுங்கள். "அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தால் அவரும் சிரிப்பாரா?" என்று அடுத்துக் கேளுங்கள். பள்ளிக் காவலாளியும் ஆயாவும் உண்மையிலேயே அந்த அரங்கில் இருப்பார்கள் என்பதைப் பிள்ளைக்கு நினைவூட்டுங்கள்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் ஒத்திகைக்குப் போய் அமருங்கள். குறைகாணும் முகத்தோடு போகவேண்டாம். தேநீரும் வடையும் வாங்கிக்கொண்டு போங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் மனம்விட்டுச் சிரியுங்கள். சுவை செத்ததாகப் பிள்ளைகள் அஞ்சும் நாளில் புதிதாய் வந்த ஒருவர் சிரித்தால், அவர்களுக்கு நம்பிக்கை திரும்பும். மலிவான சேர்க்கைகளுக்குத் தேவை இருக்காது. வருத்தம் தரும் வசனம் ஏதேனும் இருந்தால், பிள்ளைகள் முன்னிலையில் பேசாமல் ஆசிரியரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

தொழுகை நேரத்தைப் பற்றி முன்பே பேசி வையுங்கள். மாலை ஒத்திகை அஸரைத் தொட்டு மஃரிப் வரை நீள்வது வழக்கம். பத்து நிமிட இடைவேளை கேட்பதில் தவறேதுமில்லை; அந்த இடைவேளை மற்றப் பிள்ளைகளுக்கும் ஓய்வாகும். பெண்பிள்ளைகள் எப்போது, யாருடன் வீடு திரும்புவார்கள் என்பதையும் அன்றே தீர்மானித்துவிடுங்கள்.

கைபேசிப் பதிவு குறித்தும் எச்சரிக்கை தேவை. ஒத்திகையில் பிள்ளை தடுமாறி விழும் காட்சியை எடுத்துக் குடும்பக் குழுவில் பகிர்வது நமக்கு வேடிக்கை. அது குழுவைத் தாண்டிப் போய்விட்டால், உலகமே அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும். அதை அழிக்க நம்மால் முடியாது.

நம் முன்னோர் முத்துக்குளித்த காலத்தில் கடலுக்குள் ஒருவர் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குளிப்பவரின் மூச்சு அவர் கையில் இருந்தது. கயிறு பிடிப்பவர் கடலைப் பழித்துக் குளிப்பவரைக் கரையிலேயே நிறுத்தியதில்லை; இறக்கிவிட்ட பின் கயிற்றை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கவும் போனதில்லை. பிள்ளையை ஒத்திகைக்கு அனுப்பும் பெற்றோரிடம் இருக்கவேண்டிய கவனமும் அத்தகையதே.

நம் பிள்ளைகளின் நாவையும் நகைப்பையும் அல்லாஹ் தூய்மையாக்குவானாக. யாரையும் சிறுமைப்படுத்தாமல் எல்லாரையும் மகிழ்விக்கும் ஆற்றலை அவர்களுக்கு வழங்குவானாக. அவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து கேட்கும் பொறுமையை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.